என் பாவத்தை என்னிடமே கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகை என்னுடைய பாவத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு நலத்துக்கு என்ன குறை.

சென்ற வாரம் 'நான் செய்த பாவம்' பகுதியில், துணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசரின் நாற்காலி ஸ்க்ரூவைத் தளர்த்தி அவரை விழவைத்ததாக ஒருவன் எழுதியிருந்தான் அல்லவா? அதைச் செய்தது நான். எழுதியவன் எங்கள் பேக்கிங் பிரிவில் சட்டை மடிக்கிறவன். நடந்தால் சத்தமே வராது என்பதால் அவனைப் பூனை என்போம். குழாயடியில் கை கழுவும்போது நான்தான் நம்பி அவனிடம் சொன்னேன். இஸ்திரி, பட்டன், பேக்கிங் என்று எல்லாப் பிரிவிலும் இருந்த ஸ்டூல்களை சூப்பர்வைசர் ஒருநாள் அள்ளிக்கொண்டு போய் குடோனில் பூட்டினார், உட்கார்ந்தால் எங்களுக்குத் தூக்கம் வருமாம், அதனால் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவருடைய சுழல் நாற்காலியைக் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டி கழற்றும் ஸ்க்ரூடிரைவரால் வேலையை முடித்தேன். வந்து உட்கார்ந்தார், தரையில் இருந்தார். நாற்காலி பழசு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். டாக்டர் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டதால் அந்த மாதம் முழுக்க எங்களோடு அவரும் நின்றார். நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

பூனை எழுதியிருப்பதைப் பாருங்கள். இரண்டு ஸ்க்ரூவாம். இரண்டைத் தளர்த்தினால் அந்த நாற்காலி ஆடும், விழாது. மூன்று வேண்டும். கை நடுங்கியதாம். கை நடுங்கினால் ஸ்க்ரூடிரைவர் நிற்குமா? வீட்டுக்குப் போய் அழுதானாம். நான் அன்று அயர்ந்து தூங்கினேன்.

பெயர் வேண்டாம் என்று உங்களுக்கு எழுதிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் பத்திரிகையை ஒவ்வொருவர் மடியிலும் அவனே விரித்து வைத்தான். பட்டன் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். அவள் பக்கத்தில் போய் நிற்பதற்காகவே ஒரு வருடமாக என் சட்டைப் பட்டன்களை நானே பிய்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் படித்து முடித்து, "எங்களுக்காகவா பண்ணீங்க? பாவம், எவ்வளவு நாளா மனசுலயே வெச்சிருந்தீங்களோ" என்று தன் டப்பாவிலிருந்து பாதியை அவனுக்குத் தள்ளினாள்.

"அதைப் பண்ணது நான்தாங்க" என்றேன்.

"ஆமா, இனிமே ஆளாளுக்கு வருவாங்க" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பூனை மட்டும் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். அந்த அடக்கம் இருக்கிறதே ஐயா, அதைத்தான் தாங்க முடியவில்லை.

'பாவம்' என்கிற அந்தச் சொல்லும் ஆள் பார்த்துத்தான் போகிறது. சூப்பர்வைசர் விழுந்த அன்று, கால் வீங்கி நின்றிருந்த பெண்களே "ஐயோ பாவம், நல்ல அடி" என்றார்கள். என் காலைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. எறும்பை மிதித்தால் பாவம் என்பாள் என் அம்மா. எங்களை நாளெல்லாம் நிற்க வைப்பதை யாரும் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. நீங்களும் சொல்லவில்லை. பூனைக்குப் போட்ட பதிலில் அதை 'நிர்வாகக் குறைபாடு' என்றீர்கள். ஸ்க்ரூ விஷயத்தை 'பாவமே அல்ல, இளமையின் வேகம்' என்றீர்கள். ஐயா, அது பாவமாகவே இருக்கட்டும். ஸ்டூலைத்தான் பறித்துக்கொண்டார்கள், பாவமாவது என் பெயரில் இருக்கக் கூடாதா? ஆகவே அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். மூன்று ஸ்க்ரூ என்று தெளிவாக, பட்டன் பிரிவில் இருப்பவர்கள் கண்ணில் படும் அளவுக்குப் பெரிய எழுத்தில்.

தங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக உட்கார்ந்து, நன்றாக எழுந்து, நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையான பாவி

பின்குறிப்பு: மேலே உள்ளதைப் போட வேண்டாம். இன்று காலை சூப்பர்வைசர் உங்கள் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எவன்டா அது?" என்றார். பூனை என்னை ஒரு தடவை பார்த்தான். நான் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சார்" என்றான்.

"கூட யாரு?"

"யாரும் இல்ல சார். நான் மட்டும்தான்."

அப்போதே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். பட்டன் பிரிவுப் பெண் வாசல் வரை அவனோடு போனாள். "பாவம்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சேர்ந்துதான் சொன்னேன். கையிலிருந்த சட்டையின் காலர் கருகிப்போனதை அப்புறம்தான் பார்த்தேன்.

அவன் செய்ததற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாயைத் திறக்காமல் தேய்த்துக்கொண்டே நின்றேனே, அதற்கு என்ன பெயர்? 'குறைபாடு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பதிலை அந்தப் பகுதியிலேயே போடுங்கள், ஐயா.