கீபோர்டில் ஒரு மஞ்சள் கட்டை

அடுப்பைக் கண்டுபிடித்தவன்தான் மனித குலத்தின் முதல் எதிரி என்று கிளறன்ஸ் அறிவித்தபோது, அவருடைய வாயில் கடைசித் துண்டுக் கோழி இன்னும் அரைபட்டுக்கொண்டிருந்தது.

"விழுங்கிட்டுப் பேசுங்க," என்றாள் தெரேசா.

விழுங்கினார். பேசினார். நாளையிலிருந்து நெருப்புப் பட்ட எதுவும் தன் உடம்புக்குள் போகாது. காய், கனி, கீரை, முளைவிட்ட பயறு. எல்லாம் பச்சையாக. போனில் ஒரு மனிதர் காட்டியிருக்கிறார். சில மாதம் பச்சையாகத் தின்றாராம், இப்போது ஹந்தானை மலையில் ஓடியே ஏறுகிறாராம்.

காரணம் மலையல்ல, ஊசி. கிளினிக்கில் அவருடைய இரத்தச் சீனி ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர் உதட்டைப் பிதுக்கியிருந்தார். அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் தினமும் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். கிளறன்ஸ் கண்டி டவுனில் டயர்க்கடை மனேஜர். ஞாயிறு தோறும் கோவில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்ட் வாசிக்கிறவர். லொறி டிரைவர்களையே அதட்டுகிற மனிதர், தடுப்பூசி போட்ட அன்று தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியவர்.

தெரேசாவுக்கு ஊசி பயமில்லை. வத்தேகமையில் அவளுடைய அண்ணன் ஊன்றுகோலோடு நிற்கிறார். இதே சீனி வியாதிதான் அவருடைய ஒரு காலை எடுத்தது. அங்கே போய்விட்டு வருகிற ஒவ்வொரு தடவையும் அவள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுவாள். தன் புருஷன் இரண்டு காலில் நடமாட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"சாப்பாட்டுக் கோப்பையில பாதி பச்சை, பாதி சோறும் கறியும். அது போதுங்க."

"பாதிக்குப் பாதியெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. நான் முழுசு!"

"எத்தனை நாளைக்கு?"

"சாகிற வரைக்கும்."

"அது சீக்கிரம் வராமப் பார்த்துக்குங்க."

முதல் நாள் வீரமாகப் போனது. மறுநாள் அவர் கரட் கடிக்கிற சத்தத்தில் டீவி கேட்கவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு பஸீஹா ரம்பை இலையும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தால் எழுந்து போய் ஜன்னலை மூடுவார். மூடுவதற்கு முன்னால் ஒரு மூச்சு நன்றாக இழுத்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள். பூசை முடிந்ததும் பாதர் செபம் சொல்லி மந்திரித்த பாண் ரொட்டி கொடுப்பது வழக்கம், ஆளுக்கு ஒரு துண்டு. கிளறன்ஸின் கை எல்லோருக்கும் முன்னால் நீண்டது.

"அது பேக்கரிப் போறணையில வெந்த பாணுங்க," என்றாள் தெரேசா மெதுவாக.

"வெந்ததுதான். ஆனா பாதர் மந்திரிச்சது. மந்திரிச்சதை வேணாங்கிறது பாவம். அது சாப்பாட்டுலயே சேராது."

"அப்படியா?"

"அதான் சட்டம்."

சட்டம் அன்றே வளரத் தொடங்கியது. முன்பெல்லாம் வீடு மந்திரிப்புக்கு வந்து வாசிக்கச் சொன்னால் அவருக்கு இடுப்பு வலி வரும். இப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். கூப்பிடாத இடத்தில் ஏன் கூப்பிடவில்லை என்று விசாரித்தார். கடுகண்ணாவையில் ஒரு புது வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் பாதர் செபம் சொன்னார். ஆகவே அங்கிருந்த புரியாணி மந்திரித்த புரியாணி. ஒருத்தர் புது த்ரீவீல் மந்திரித்தார், கூடவே ரோல்ஸ் இருந்தது. ஒரு முப்பத்தோராம் நாள் பூசையில் கருவாட்டுக் குழம்பு. செத்தவரின் ஆத்துமா இளைப்பாற வேண்டுமே என்று மூன்று தரம் சோறு வாங்கினார். எந்தச் செபத்திலும் அவருடைய 'ஆமென்'தான் முதலில் விழுந்தது.

வீட்டில் மட்டும் முனிவர். வெள்ளரித் துண்டை இரண்டு விரலால் எடுத்துக் கடித்துவிட்டுச் சொல்வார்: "பார்த்தியா தெரேசா, பச்சையாத் தின்னா பசியே எடுக்கிறதில்ல."

தெரேசா ஒரு சனிக்கிழமை தூசு தட்டியபோது கீபோர்ட் உறையைக் கழற்றினாள்.

"என்னங்க, இதுல வெள்ளைக் கட்டை தெரியும், கறுப்புக் கட்டை தெரியும். இது என்ன மஞ்சக் கட்டை?"

கிளறன்ஸ் குனிந்து பார்த்தார். "பிளாஸ்டிக்தானே. பழசானா மஞ்சளாகும்."

தெரேசா விரலால் தடவி முகர்ந்தாள். "பழசுல பெருஞ்சீரகம் மணக்குதே."

இனி மறைத்துப் பயனில்லை. கிளறன்ஸ் நிமிர்ந்து நின்று வாதாடினார். தின்றதெல்லாம் மந்திரித்தது. ஒரு பருக்கைகூடச் சட்டத்துக்கு வெளியே போகவில்லை.

"அப்ப மந்திரிச்சது எதுவா இருந்தாலும் மறுக்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

"மந்திரிக்காத கறி சோறு?"

"தொட மாட்டேன். சத்தியம்!"

தெரேசா தலையாட்டிவிட்டுத் தூசு தட்டப் போனாள். சண்டை பிடிக்கவில்லை. அவள் சண்டை பிடிக்காத நாட்கள்தான் ஆபத்தானவை என்று இத்தனை வருஷத்தில் அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கே!

"நம்ம வீட்டையும் மந்திரிச்சு ரொம்ப நாளாச்சு," என்றாள் அன்று சாயங்காலம். "வர்ற ஞாயிறு பாதரையும் பாட்டுக்காரங்களையும் கூப்பிடுவோமா?"

கிளறன்ஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சொந்த வீட்டிலேயே மந்திரித்த சாப்பாடு! அவரே போய்க் கோழி வாங்கினார். அவரே உட்கார்ந்து தேங்காய் துருவினார். ஞாயிறு காலையில் கோழிக்கறி, பலாக்காய்க் கறி, மாசிச் சம்பல் என்று வீடே மணத்தது. கீபோர்டில் எந்தப் பாட்டை வாசித்தாலும் வேகமாகவே வந்தது.

பாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு மேசைக்கு வந்தார். மேசையில் வெள்ளைத் துணி மூடிய ஒரு பெரிய கூடை. தெரேசா துணியை எடுத்தாள். பாகற்காய், வல்லாரை, வெள்ளரி, முள்ளங்கி, மறுபடியும் பாகற்காய்.

"நல்லா மந்திரிச்சுத் தாங்க பாதர். வாரம் பூரா இவருக்கு வேணும்."

பாதர் கைகளை விரித்து நன்றாகவே மந்திரித்தார். பிறகு கறிச் சட்டிகள் இருந்த குசினிப் பக்கம் திரும்பினார். தெரேசா குறுக்கே போய் நின்றாள்.

"சட்டி வேணாம் பாதர். அதை மந்திரிச்சிட்டா இவரால மறுக்க முடியாது."

"அப்ப சாப்பாட்டுச் செபம்?"

"இன்னைக்கு அவங்கவங்க மனசுக்குள்ள சொல்லிக்குவாங்க."

பாதர் கிளறன்ஸைப் பார்த்தார். கடுகண்ணாவைப் புரியாணி அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். குழுவில் உரத்துப் பாடுகிற றெஜினோல்ட் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினான். "அக்கா, கறி அந்த மாதிரி!" கிளறன்ஸ் பச்சைப் பாகற்காயைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது.

"பாருங்க, என்ன பக்தி!" என்றார் பாதர்.

எல்லோரும் போன பிறகு தெரேசா ஒரு கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பாதியில் தேங்காயும் தேசிக்காயும் போட்ட வல்லாரைச் சம்பல், வெள்ளரி. மறு பாதியில் சோறு, பலாக்காய், ஒரு துண்டுக் கோழி.

"இது மந்திரிக்காதது," என்றார் கிளறன்ஸ் பரிதாபமாக. "சட்டம்?"

"சட்டத்தை நான் மாத்திட்டேன். உங்களை ஜெயிக்கிறதுக்கு இதைப் பண்ணலைங்க. எங்க அண்ணனைப் பார்க்கிற மாதிரி உங்களையும் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கோப்பையை வாங்கிப் பிசைந்து சாப்பிட்டார். பச்சை வல்லாரைக்கும் கோழிக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருக்கிறதென்று அவருக்கு யாருமே சொன்னதில்லை. தெரேசா சொல்லியிருந்தாள், அது கணக்கில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்தார். சீனி இறங்கியிருந்தது. ஊசி இப்போதைக்குத் தேவையில்லை.

"என்ன பண்ணினீங்க?"

"பாதிக்குப் பாதி டொக்டர். என்னோட திட்டம்," என்றார் கிளறன்ஸ். தெரேசா தலைக்கு மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்த வாரமே மடுல்கெல்லையில் றெஜினோல்ட் வீட்டில் நன்றிச் செபம். தெரேசாவுக்குக் கோவிலில் வேலை, வரவில்லை. பஸ் தேயிலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும்போது கிளறன்ஸ் அமைதியாக யோசித்தார். பாதிக்குப் பாதி வீட்டுச் சட்டம். வீடு கண்டியில் இருக்கிறது. மடுல்கெல்லை ரொம்பத் தூரம்.

வாசித்தார். பாதர் செபம் சொன்னார். 'ஆமென்' முதலில் விழுந்தது. எல்லோருக்கும் ஆவி பறக்கச் சோறும் கறியும் வந்தது. அவருக்கு மட்டும் மூடி போட்ட தனிக் கோப்பை. விசேஷ மரியாதை என்று பூரித்துப்போய்த் திறந்தார். வல்லாரை, வெள்ளரி, வட்ட வட்டமாக வெட்டிய பாகற்காய்.

றெஜினோல்ட் பணிவாகக் குனிந்தான். "அக்கா போன் பண்ணினாங்க அண்ணே. உங்க பச்சைப் பாதியைப் பாதர் தனியா மந்திரிச்சிட்டாரு. சோத்துப் பாதி வீட்டுல இருக்காம், நேரத்தோட வந்து சேரச் சொன்னாங்க."