மொட்டை மாடி அருவி

தென்காசியில் வீடு இருப்பவர்களுக்கு ஆனி பிறந்ததும் சம்பளமில்லாத ஓர் உத்தியோகம் வந்து சேரும். ஃபோன் அடிக்கும். எடுத்தால், நாம் இருக்கிறோமா இல்லையா என்றுகூட வருஷம் முழுக்க விசாரிக்காத சொந்தக்காரர், "குத்தால அருவியில தண்ணி விழுதா?" என்பார். விழுகிறது என்றால் மறுநாளே வேனில் வந்து இறங்குவார்கள். விழவில்லை என்றால் நாம்தான் மலைமேல் ஏறி அடைத்துவிட்டு வந்தது மாதிரி கோபித்துக்கொள்வார்கள். பெண் பார்க்கும் நாளைக்கூட இதைக் கேட்டுக்கொண்டுதான் குறிப்பார்கள் என்பது, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை வீடு ஆலங்குளம். "வார ஞாயித்துக்கெழம நாள் நல்லாருக்கு அண்ணாச்சி" என்று என் அப்பாவிடம் சொன்ன மாப்பிள்ளையின் அப்பா, அதே மூச்சில், "அங்கன சாரல் இருக்குல்லா?" என்றும் கேட்டாராம்.

எனக்கு அந்த இடம் அமைய வேண்டும் என்று ரொம்ப ஆசை. காரணம் இருந்தது. அதற்கு முன்னால் ஃபோனில் பேசிய மாப்பிள்ளைகள் எல்லாம், சமைக்கத் தெரியுமா, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவீர்களா என்று நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். ஆலங்குளத்து மாப்பிள்ளை குமரன் மட்டும், நான் மின்னணுக் கருவி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன் என்றதும், "அப்படியா? அது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டார். போதாதா? முக்கால் மணி நேரம் விளக்கினேன். (அவர் நடுவில் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டார் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்த செய்தி.) "நேர்ல வரும்போது ஓட்டிக் காட்டுதேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

நான் இலஞ்சிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. பள்ளியில் ரோபோ மன்றம் ஆரம்பித்து, எழுதிக் கொடுத்த கட்டளைப்படி நடக்கும் உள்ளங்கை அகல மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை வாங்கிக் குவித்திருந்தார்கள். கம்ப்யூட்டர் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. (பழங்காலத்து ஏரி, மதகு பற்றியெல்லாம் நான் நன்றாக நடத்துவேனாம், அதுவும் தொழில்நுட்பம்தானே என்றார் தலைமையாசிரியை.) வீடியோ பார்த்துப் பார்த்து ஒயரைச் செருகி, நாலு வரி நிரல் எழுதி, கடுகு மாதிரி ஒரு விளக்கை மினுக்க வைத்தேன். அது மினுக்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது என்ன, ராக்கெட்தான் என்று நினைத்தேன். வீட்டில் அதைவிட அவசரமான பிரச்சினை ஒன்று இருந்தது.

அப்பா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார். மாடித் தொட்டி நிறைந்து வழியும். பக்கத்து வீட்டிலிருந்து, "ஏ அண்ணாச்சி, தண்ணி போவுது!" என்று குரல் வரும். தெருவில் எங்கள் வீட்டுக்கு வேறு அடையாளமே தேவைப்படாது.

ஆகவே கருவி தயாரானது. தொட்டிக்குள் தண்ணீர் மட்டத்தை அறிய ஓர் உணரி, அதாவது சென்சார். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓட வேண்டும், நிறைந்தால் தானாக நிற்க வேண்டும். நிரலில் முக்கியமான வரிகள் இரண்டே இரண்டு: குறைந்தால் 'ஹை', அதாவது மின்சாரம் கொடு; நிறைந்தால் 'லோ', அதாவது நிறுத்து. மோட்டாருக்குப் பதிலாக அந்தக் குட்டி விளக்கை மாட்டிச் சோதித்தேன். வாளியில் தண்ணீர் குறைந்தால் எரிந்தது, நிறைந்தால் அணைந்தது. சனிக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, விளக்கை எடுத்துவிட்டு ரிலேயை மாட்டி, அதன் வழியாக மோட்டாரை இணைத்தாயிற்று. ரிலே என்பது போர்டு சொல்வதைக் கேட்டு மோட்டாரைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி. சாயங்காலம் முழுக்கக் கரண்ட் இல்லாததால் மோட்டாரை ஓட்டிப் பார்க்க முடியவில்லை. விளக்கு எரிந்தால் மோட்டார் ஓடாதா என்ன? கையோடு பழைய சுவிட்சையும் கழற்றச் சொல்லிவிட்டேன்.

"சுவிட்ச் பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே ட்டி" என்றார் அப்பா.

"சுவிட்ச் இருந்தா நீங்க போடுவிய. போட்டா மறப்பிய" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வேன் வந்து நின்றது. பூ, பழத் தட்டுக்கு முன்னால் துண்டுகளும் எண்ணெய்ப் பாட்டிலும்தான் இறங்கின. "அருவிக்கரையில எண்ண தேய்க்க விடமாட்டானுவ. இங்கனயே தேச்சுக்கிடுதோம்" என்று மாப்பிள்ளையின் அப்பா எங்கள் வாசலில் நின்று உச்சந்தலையில் ஊற்றிக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த சொந்தங்கள் எல்லாம் வரிசையாக ஊற்றிக்கொண்டன. குளித்துவிட்டு வந்து பெண் பார்ப்பதாக ஏற்பாடு.

அரை மணி நேரத்தில் வேன் திரும்பி வந்தது. மலையில் மழை, அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டி மறித்துவிட்டதாம். எண்ணெய் வழிய, முகம் செத்து, அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பாதான் பாவம். தலையையும் துண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மயினி, நம்ம வீட்டுலயே குளிங்க. தண்ணிக்கு என்ன பஞ்சமா?" என்று என் அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைக் குளியலறைக்கு அழைத்துப் போனாள்.

"மோட்டார் சத்தத்தையே காணோமே" என்றார் அப்பா மெதுவாக.

"தொட்டி நெறஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றேன், குமரன் காதில் விழும்படி.

அப்போது குளியலறையிலிருந்து ஒரு குரல்: "யாரு அங்கன? தண்ணி நின்னுட்டே!" வருங்கால மாமியார் தலை நிறைய சீயக்காயோடு, கண்ணைத் திறக்க முடியாமல் உள்ளே நின்றார்.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லேப்டாப்போடு மாடிக்கு ஓடினேன். தொட்டி காலி. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. விளக்குக்கு 'ஹை' என்றால் எரி. நான் வாங்கிய ரிலேவுக்கு 'ஹை' என்றால் நிறுத்து. 'லோ' என்றால்தான் ஓட்டு. எல்லாம் தலைகீழ். கீழே சீயக்காய் காய்ந்துகொண்டிருந்தது. அவசர அவசரமாக, 'ஹை' என்று இருந்த வரியை 'லோ' என்று மாற்றிப் போர்டுக்கு அனுப்பினேன். மோட்டார் உறுமியது. அந்தச் சத்தத்தைவிட இனிமையான நாதஸ்வரத்தை என் கல்யாணத்தில்கூட நான் கேட்கவில்லை.

இறங்கி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி கொடுத்தேன். பெண்கள் வரிசையாகக் குளித்து முடித்தார்கள். ஆண்களின் முறைக்காக மாப்பிள்ளையின் அப்பா எண்ணெய்த் தலையோடு வாசலில் காத்திருந்தார்.

"நெறஞ்சா தானா நின்னுருமா?" என்று கேட்டார் குமரன்.

"பாத்துக்கிட்டே இருங்க, இப்ப நிக்கும்" என்றேன்.

தொட்டி நிறைந்தது. வழிந்தது. மாடியெல்லாம் நிரம்பி, வாசல் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மழைத்தண்ணீர்க் குழாய் வழியாகச் 'சோ'வென்று கொட்ட ஆரம்பித்தது. இரண்டு வரியில் ஒன்றைத்தான் மாற்றியிருந்தேன். குறைந்தாலும் ஓட்டு, நிறைந்தாலும் ஓட்டு என்று போர்டு என் சொல்லைத் தட்டாமல் ஓட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி மாடிக்கு ஓட்டம். பின்னாலேயே குமரன். லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

"சுவிட்ச் எங்கன இருக்கு?"

"கழட்டியாச்சு."

"பின்ன எப்படி நிறுத்த?"

"அத இனிமேதான் எழுதணும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இந்த இடம் போச்சு என்றே நினைத்தேன்.

கீழே அப்பா மெயினை அணைக்க மீட்டர் பெட்டிக்கு ஓடினார். "அணைக்காதிய அண்ணாச்சி! அணைக்காதிய!" என்று வாசலிலிருந்து அலறல். எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா துண்டைக் கட்டிக்கொண்டு, குழாய்க்கு நேர் கீழே தலையைக் கொடுத்து, சுவரைப் பிடித்தபடி நின்றார். கண்கள் மூடியிருந்தன. அவருக்குப் பின்னால் எண்ணெய்த் தலைகளின் வரிசை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "ஏலே, தள்ளாத! வரிசையில வா!" என்று கயிறு இல்லாத போலீஸாக ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

ஈரத்தலையை உதறியபடி மாமியார் வெளியே வந்தார். "என்னங்க, பொண்ணுகிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?"

"கேக்க என்ன இருக்கு?" என்றார் அவர், தண்ணீருக்குள்ளிருந்து. "போலீஸ்காரன் மறிச்ச அருவிய வீட்டுக்கே கொண்டாந்துட்டா. பூ வைக்கச் சொல்லு."

குமரன் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. கல்யாணமாகி நான் ஆலங்குளத்துக்கு வந்த பிறகும், வீட்டில் யாராவது மோட்டார் போடப் போனால், "அணைக்கத் தெரிஞ்சவங்க மட்டும் போடுங்க" என்பார். கருவியை முறையாகத் திருத்தி எழுதிவிட்டேன். தென்காசி வீட்டில் அது ஒரு நாளும் பிசகியதில்லை. பழைய சுவிட்சையும் அப்பா திரும்ப மாட்டிவிட்டார்.

ஆனி பிறந்ததும் மாமனார் எங்கள் அப்பாவுக்கு ஃபோன் போடுவார். குற்றாலத்தைப் பற்றி விசாரிப்பதே இல்லை. "அண்ணாச்சி, மாடியில தண்ணி விழுதா?" என்பார்.

"விழுது, வாங்க. தடை கெடையாது" என்பார் அப்பா. மறுநாள் ஆலங்குளத்து வேன் தெருமுனையில் திரும்பும்போது என் கருவியை அணைத்துவிட்டு, பழைய சுவிட்சைப் போட்டுவிட்டு, வழக்கம்போல மறந்துபோவார்.