கார்மேகத்தின் பூசாத கால்

சலாலா,
14 ஜூலை 2005

முனைவர் பட்டமும் இரண்டு மாடி வீடும் பெற்ற மாப்பிள்ளை பேராசிரியர் பன்னீர்செல்வம் அவர்களுக்கு,

பதினோரு மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இதற்கு மேலும் இருந்தால் அதைப் பெருந்தன்மை என்று யாரும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொன்னதை ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வீர்கள். இங்கு நான் சுகம். அங்கு எல்லோரும் சுகம் என்று உங்கள் அக்கா நாகவள்ளி வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்லிவிடுகிறாள். ஆகையால் உங்கள் நலத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

போன ஆவணியில் உங்கள் புதுமனை புகுவிழாவில், மூன்றாம் பந்தியில், பாயசம் ஊற்றுகிற நேரத்தில் என் மகள் அருணாவைப் பார்த்து நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். இல்லையென்றால் நான் எழுதி வைத்திருக்கிறேன். “எம்.எஸ்சி. பாட்டனி எடும்மா, நல்லா எடு. உங்கப்பா மாதிரி பாலைவனத்துல சிமெண்ட் மூட்டை எண்ணலாம்.” பந்தி முழுக்கச் சிரித்தது. அருணாவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததைப் பாயசத்தோடு விழுங்கிவிட்டேன். அவள் சிரித்தது இன்னும் தொண்டையில் நிற்கிறது. இப்போது பி.எஸ்சி. முடித்துவிட்டு, மேலே தாவரவியலா எம்.பி.ஏ.வா என்று இரண்டு விண்ணப்பங்களையும் மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். முப்பதாம் தேதி கடைசி நாளாம். மாமா எம்.பி.ஏ. என்கிறார் என்கிறாள். எந்த மாமா? 1985-ல் நான் செடிகளை உலர்த்தி ஒட்டி வைத்திருந்த தாள்கள் நாற்பத்திரண்டை “ரெண்டு நாள்ல தர்றேன் மச்சான்” என்று வாங்கிப்போய், அவற்றை வைத்துச் செய்முறைத் தேர்வில் தேறி, அதே தாவரவியலால் வீடு கட்டிய மாமா. அந்தத் தாள்கள் இன்னும் திரும்பி வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சலாலா பாலைவனம் இல்லை. ஜூன் கடைசியில் இங்கே கரீஃப் என்கிற சாரல் தொடங்கும். மூன்று மாதம் மலை குற்றாலம் மாதிரி பச்சைப்பசேல் என்று நிற்கும். துபாயிலிருந்தும் குவைத்திலிருந்தும் நனைவதற்கென்றே கார் போட்டுக்கொண்டு வருவார்கள். சாரலோடு கொசுவும் வரும். எங்கள் கம்பெனி மலையடிவாரத்தில் ஒரு விடுதி கட்டுகிறது. அங்கே வெளியில் உட்கார்ந்து டீ குடிக்கவென்று போட்ட பந்தலில் ஒருவராலும் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. என்ஜினியர்கள் கொசுவத்தி என்றார்கள், மருந்துப் புகை என்றார்கள். ஸ்டோரில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த நான் மலையைப் பார்த்தேன். அங்கே நாய்த்துளசி நிற்கிறது, எருக்கு நிற்கிறது, நம் ஊர்ப் பேய்மிரட்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை போல ஒரு செடி நிற்கிறது. கசக்கி மோந்தால் மூக்கே சொல்லிவிடும், இது பூச்சிக்கு ஆகாது என்று. மேனேஜரிடம் சொன்னேன். பத்து நாள் பார், தேறினால் பந்தலைச் சுற்றி நட்டு வளர்ப்பது உன் பொறுப்பு என்றார்.

சோதனை எப்படிச் செய்வது என்பது உங்களுக்கு மறந்திருக்கலாம், நீங்கள் பேராசிரியர். ஆகவே எழுதுகிறேன். தினமும் டூட்டி முடிந்து, குளித்து, பொழுது சாய்கிற நேரத்தில் ஆறு பேர் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு பந்தலில் வரிசையாக உட்கார வேண்டும். ஐந்து பேர் காலில் ஆளுக்கு ஒரு செடியின் சாறு. ஆறாவது ஆளுக்கு ஒன்றும் கிடையாது, வெறுங்கால். பூசாத கால் பக்கத்தில் இருந்தால்தானே பூசிய காலின் மதிப்புத் தெரியும். நான் டார்ச்சும் நோட்டுமாக எதிரே உட்கார்ந்து எந்தக் காலில் எத்தனை கொசு இறங்குகிறது என்று ஒரு மணி நேரம் எண்ணுவேன். கொத்தனாரும் கம்பி கட்டுகிறவர்களும் உட்கார்ந்தால் நெளிவார்கள். அதனால் வெறுங்காலுக்கு, நாள் முழுக்க இருக்கையில் அசையாமல் உட்கார்ந்து பழகிய கிரேன் டிரைவர் கார்மேகத்தைத் தேர்ந்தெடுத்தேன். என் அறிவை அன்று நானே மெச்சிக்கொண்டேன். அவருக்குத்தான் பொறுக்கவில்லை.

“எல்லார் காலுக்கும் மருந்து. என் காலை மட்டும் கொசுவுக்கு எழுதிக் குடுத்துட்டீகளா சார்?”

உன் கால்தான் இந்தச் சோதனைக்கே அச்சாணி என்று விளக்கினேன். அச்சாணி சொறிந்துகொண்டே கேட்டது.

இடைஞ்சல்கள் வந்தன, மறைக்கவில்லை. இரண்டாம் நாள் கம்பி கட்டுகிற வீரபாண்டி, நான் வருவதற்குள் ஆர்வக்கோளாறில் எருக்கம்பாலை நேராகத் தேய்த்து, கொசு கடிக்காமலே கால் வீங்கி மூன்று நாள் படுத்துவிட்டான். எருக்கை நீக்கி அவனுக்கு வேறு செடி மாற்றினேன். ஐந்தாம் நாள் ஒட்டகம். கரீஃப் காலத்தில் மலை வழுக்கும் என்று ஒட்டகங்களைக் கீழே இறக்கிவிடுவார்கள். அதில் ஒன்று, கொத்தனார் ஜெயசீலனுக்கென்று வேலியில் தொங்கவிட்டிருந்த கட்டு முழுவதையும் தின்றுவிட்டு, கட்டியிருந்த கயிற்றை மட்டும் எனக்கு மிச்சம் வைத்தது. சோதனையை நிறுத்த மனமில்லாமல், அந்தக் கயிற்றை நனைத்துப் பிழிந்த தண்ணீரையே அவர் காலில் தடவினேன். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு கொசு. செடி தொட்ட கயிற்றுக்கே இந்த வீரியம் என்றால் செடியின் பெருமையை என்னவென்று எழுதுவது! கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கிற கீழக்கரை கௌஸ் முகம்மது, கொசுவத்தி விற்கிறவர், தினமும் எட்டிப் பார்த்து, என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர்களே பாட்டனி சார் என்று அலுத்துக்கொண்டார். கவனித்தீர்களா, பாட்டனி சார். பதினெட்டு வருஷமாக ஸ்டோர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். இப்போது கேம்ப் முழுக்க அப்படித்தான் கூப்பிடுகிறது.

முடிவைக் கேளுங்கள். கார்மேகத்தின் காலில் மணிக்குச் சராசரி நாற்பத்தொரு கொசு. மற்ற ஐவருக்கும் இரண்டு, போனால் மூன்று. எந்தச் செடி முதலிடம் என்று தேடினேன், எல்லாமே முதலிடம். ஐந்துக்கு ஐந்து. உங்கள் துறை முழுவதும் சேர்ந்து இருபது வருஷத்தில் ஐந்துக்கு ஐந்து எடுத்ததுண்டா? மேனேஜர் கைகொடுத்தார். சனிக்கிழமை பந்தலைச் சுற்றிக் குழி வெட்டுகிறார்கள். அன்றே லீவில் போகிற ஜெயசீலன் இந்தக் கடிதத்தை மதுரையில் தபாலில் சேர்ப்பார். கிடைத்ததும், அந்தப் பந்தி போட்ட கூடத்திலேயே அருணாவை எதிரே உட்காரவைத்து நீங்களே உரக்க வாசிக்க வேண்டும். பாயசம் உங்கள் விருப்பம்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. வயதில் சிறியவர் என்ற ஒரே காரணத்தால் உங்களுக்கும் ஆசி.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கௌஸ் முகம்மது கடையில் உறை வாங்கி, அங்கேயே ஒட்டி, வெற்றிச் செய்தியையும் சொன்னேன். அவர் அலமாரியைக் காட்டினார்.

“கோவிச்சுக்கிறாதீக பாட்டனி சார். கொசுவத்தி படுத்துருச்சு, வாஸ்தவம். ஆனா தைலத்தைப் பாருங்க, ஒத்தப் புட்டி மிச்சமில்ல. உங்க ஆளுக அஞ்சு பேரும் குளிச்சிட்டு வந்து, கால் வலின்னு முட்டியிலருந்து பாதம் வரைக்கும் கோடாலித் தைலத்தைத் தேச்சுட்டுத்தான் உங்ககிட்ட வந்து உட்காருறாக.”

கார்மேகம் தேய்ப்பதில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

“அவருக்கென்ன, உட்கார்ந்த வேலை. கால் வலி ஏது?”

கொசுவை விரட்டிய அந்தத் தைல வாடை எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். நானும் முட்டிக்குத் தேய்த்திருந்தேன்.

மேனேஜரிடம் போய்ச் சொல்லிக் குழி வெட்டுவதை நிறுத்திவிட்டேன். வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி ஸ்டோர் சார் ஆகிவிட்டேன். மாப்பிள்ளை, இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு அருணாவுக்கு வாசித்துக் காட்டு என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை. முழுசாக வாசி. நாளை வெள்ளிக்கிழமை. ஐந்து பேரும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டு வருகிறார்கள், நானும்தான். கார்மேகத்துக்கு மட்டும் தைலம். அவர் இன்றைக்கே கைலியை மடித்துக்கொண்டு திரிகிறார்.

கையெழுத்துப் போடாமல்தான் அனுப்பப்போகிறேன். போட்டால் மச்சான் புலம்பல் என்று மூலையில் வைத்துவிடுவாய். ஜெயித்த கணக்கைத் தானே அடித்துவிட்டு, மறுநாள் நோட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி எண்ண உட்காருகிற ஆள் நம் வீட்டில் யார் என்று நீ சொல்ல வேண்டாம். அருணா சொல்கிறாளா என்று பார்.