பற்றாக்குறை பற்றி மூன்று மனுக்கள்

விசாரணை அதிகாரி குளிக்கப் போயிருக்கிறார் என்று பியூன் நம்பிராஜன் சொன்னபோது மணி ஒன்பது. பதினொன்றரைக்குக் கேட்டபோதும் அதையேதான் சொன்னான்.

"இன்னுமா குளிக்காரு?" என்றார் சிவசைலம்.

"மெயினருவில ஒரே கூட்டம். அதான் ஐந்தருவிக்குப் போயிருக்காவ. எண்ணெய் தேச்சுக் குளிக்கதுன்னா சும்மாவா அண்ணாச்சி?"

சிவசைலம் குற்றாலம் டிராவலர்ஸ் பங்களா வராந்தாவில் மறுபடி உட்கார்ந்தார். தென்காசியில் சைக்கிள் வாடகைக் கடை வைத்திருப்பவர். ஆனி மாதச் சாரலில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் நேரத்தில், கடையைப் பூட்டிவிட்டு விசாரணைக்கு வந்திருந்தார். விசாரணை அவர் கேட்டு வாங்கியது.

பங்குனியில் 'பற்றாக்குறை பட்ஜெட்' என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. போன வருஷமும் பற்றாக்குறை, இந்த வருஷம் அதைவிடப் பெரிசு. தென்காசியில் டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு எங்கும் அதே பேச்சு. "வாங்குத வரியெல்லாம் எங்கவே போகுது?" என்று ஊரே கேட்டது. மேலே பணம் இல்லாததால் கீழே வரிகள் ஏறின. சைக்கிள் வரி இரட்டிப்பானது. ஒரு சைக்கிள் வைத்திருந்தவன் முனகினான். சிவசைலத்திடம் பன்னிரண்டு சைக்கிள்கள்.

மற்றவர்கள் பேசிவிட்டுப் போனார்கள். சிவசைலம் பேனாவை எடுத்தார்.

'பற்றாக்குறைக்குக் காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம். வருஷத்தில் ஒன்பது மாதம் அரசாங்கத்துக்குக் குற்றாலத்தில் ஒரு வேலையும் இல்லை. சாரல் விழுந்ததும் எல்லா அதிகாரிகளுக்கும் இங்கேதான் வேலை வருகிறது. உப்பளங்களைப் பார்வையிடும் அதிகாரி ஒருவர் போன வருஷம் ஐந்தருவியில் இருபது நாள் முகாம் போட்டிருந்தார்' என்று நாலு பக்கம் எழுதி மெட்ராசுக்கு அனுப்பினார்.

சித்திரையில் பதில் இல்லை. வைகாசியிலும் இல்லை. ஆனி பிறந்த மூன்றாம் நாள் பதில் வந்தது. 'தங்கள் மனு விசாரிக்கப்படும். முகாம்: குற்றாலம்.'

"மனு போட்டது தென்காசியில. முகாம் எதுக்குக் குத்தாலத்துல?" என்று கேட்டாள் அவர் மனைவி பேராச்சி.

"தென்காசியில அருவி இல்லல்லா" என்றார் பக்கத்துத் துணிக்கடை ஹபீபுல்லா.

அதிகாரி தில்லைநாயகம் ஒன்றரை மணிக்கு வந்து சேர்ந்தார். பின்னால் மனைவி, ஐந்து பிள்ளைகள், ஒரு மைத்துனர், எல்லாரும் சொட்டச் சொட்ட. வராந்தா முழுக்க ஈரத்துணி காயப்போட்டார்கள். ஒரு புடவைக்கு அடியில் நாற்காலி போட்டுக்கொண்டு தில்லைநாயகம் மனுவை விரித்தார்.

"அதிகாரிகள் அரசாங்கச் செலவுல குளிக்க வாராவன்னு எழுதியிருக்கீரு. ஆதாரம் உண்டா?"

சிவசைலம் அவர் தலையைப் பார்த்தார். நெற்றி முடியிலிருந்து ஒரு சொட்டு மனுவின்மேல் விழுந்து, 'பற்றாக்குறை' என்ற வார்த்தையை நீலமாகக் கரைத்தது.

"எப்படிச் சொல்லுதது சார்..."

"கண்ணால பாத்த சாட்சி வேணும்வே. அடுத்த செவ்வாக்கிழமை கூட்டிட்டு வாரும். அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். விசாரணைய பாதியில விட்டுட்டுப் போற பழக்கம் எனக்குக் கிடையாது."

வெளியே வந்தால் அவர் வந்த சைக்கிளைக் காணோம். நம்பிராஜன் அதில் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"அரசாங்க காரியம் அண்ணாச்சி. வெண்டைக்கா வாங்கணும். வாடகைப் பணம் பின்னால வரும்."

சிவசைலம் இலஞ்சி வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார். நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை. விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டாவது மனுவை எழுதினார். பற்றாக்குறைக்குக் காரணம் கண்டுபிடிக்க வந்த அதிகாரியே பற்றாக்குறைக்குக் காரணமாக இருக்கிறார் என்பது அதன் சாரம்.

"எழுதினா போயிருவாருன்னா நினைக்கிய?" என்றாள் பேராச்சி.

"மேலதிகாரி வருவாரு. வந்து இவர விரட்டுவாரு."

மேலதிகாரி வந்தார். முதல் மனுவுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்ட அரசாங்கம், இதற்கு ஒன்பதே நாளில் ஆளை அனுப்பியது. அவருடன் மாமியாரும் வந்திருந்தாள். மாமியாருக்கு மூட்டு வலி. அருவித் தண்ணீர் முட்டியில் விழுந்தால் நல்லது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

தில்லைநாயகத்தை அவர் விரட்டவில்லை. விரட்ட முடியாதாம். குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று விதி இருக்கிறதாம். தில்லைநாயகம் அந்த விதிக்கு முழுமனதோடு கட்டுப்பட்டார். டிராவலர்ஸ் பங்களாவில் இடம் இல்லாததால் மேலதிகாரிக்கு அரசாங்கச் செலவில் ஒரு தனி வீடு பிடித்தார்கள். இரண்டு முகாம்களுக்கும் இடையே காகிதம் கொண்டுபோக சிவசைலத்தின் கடையிலிருந்து மேலும் ஐந்து சைக்கிள்கள் போயின. காகிதம் போனதோ இல்லையோ, தில்லைநாயகத்தின் பிள்ளைகள் அவற்றில் சைக்கிள் பழகினார்கள். ஒரு சைக்கிள் முன்சக்கரம் நெளிந்து எட்டுப் போட்டபடி திரும்பி வந்தது.

"இது அநியாயம் அண்ணாச்சி. விடாதிய. தந்தி அடிங்க" என்றார் ஹபீபுல்லா. அவர் கடையில் அந்த மாதம் குற்றாலத் துண்டுகள் தீர்ந்து, கடையநல்லூரிலிருந்து இரண்டாவது கட்டு வந்திருந்தது.

மூன்றாவது மனு தந்தியாகப் போனது.

வந்தது மூன்று பேர் கொண்ட கமிட்டி. கமிட்டிக்கு இரண்டு டைப்பிஸ்டுகள், ஒரு சமையல்காரர், ஜீப்புகள், ஒரு வேன். ஆடி முழுவதும் அவர்கள் மும்முரமாக விசாரித்தார்கள். காலையில் மெயினருவியில், மாலையில் ஐந்தருவியில். சிவசைலத்தின் கடையில் மிச்சமிருந்த சைக்கிள்களும் போய்விட்டன. சீசனுக்கு வந்தவர்கள் வாடகை சைக்கிள் கேட்டு வந்து, காற்றடிக்கும் பம்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

"கடையில ஈ ஓட்டக்கூட ஒரு ஈ இல்ல. வரி கூடுனப்போ சைக்கிளாவது இருந்துச்சு" என்றாள் பேராச்சி.

சாரல் நின்று வெயில் அடித்த அன்று விசாரணையும் முடிந்தது. கமிட்டித் தலைவர் சிவசைலத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். தாழ்ந்த குரலில் பேசினார்.

"உங்க ஆதங்கம் எங்களுக்குப் புரியுது. கணக்கெல்லாம் பாத்துட்டோம். குற்றாலத்துல வழக்கமா ஆகிற முகாம் செலவு ஒரு பங்குன்னா இந்த வருஷம் ஏழு பங்கு ஆகியிருக்கு."

"அதத்தான் சார் நானும் சொல்லுதேன்!"

"கூடுதலான ஆறு பங்கும் உங்க மூணு மனுவால வந்தது."

சிவசைலம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் பேராச்சி சோறு போடும்போது, "ஏட்டி, பற்றாக்குறைக்கு நான்தான் காரணமாம்" என்றார்.

"யாரு சொன்னா?"

"கமிட்டி."

"ஒரு சைக்கிளுக்குப் புது டயர் போடவே உங்களால ஆகல. நீங்களா ராஜ்ஜியத்துக் கஜானாவக் காலி பண்ணுனிய? சாப்பிடுங்க."

அவர் சாப்பிடவில்லை. இனி செத்தாலும் மனு எழுதுவதில்லை என்று இலஞ்சிக் குமாரர் சந்நிதியில் சத்தியம் செய்தார். பேனாவைப் பேராச்சியிடம் கொடுத்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்.

அடுத்த பங்குனியில் பட்ஜெட் வந்தது. பற்றாக்குறை இன்னும் பெரிசு. ஊர் மறுபடி கொதித்தது. ஹபீபுல்லா பத்திரிகையோடு ஓடி வந்தார்.

"பாத்தியளா அண்ணாச்சி! இப்பம் ஒரு மனு போட்டா..."

"போரும் பாய். துண்டு விக்கணும்னா சந்தையில போய்க் கூவும்."

கை துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முகாமிலிருந்து திரும்பி வந்த சைக்கிள்களின் பஞ்சரான டியூபுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். சித்திரை போயிற்று. வைகாசி போயிற்று. ஆனி பிறந்து மலைமேல் மேகம் இறங்கியது. சாரல் விழுந்து எட்டு நாளாகியும் குற்றாலத்தில் ஒரு முகாம் இல்லை. டிராவலர்ஸ் பங்களா வராந்தாவில் ஒரு ஈரத்துணி இல்லை. பன்னிரண்டு சைக்கிள்களும் காலையில் வாடகைக்குப் போய்ச் சாயங்காலம் ஒழுங்காகத் திரும்பின.

"பாத்தியா? நான் ஒருத்தன் வாய மூடுனேன், அரசாங்கத்துக்கு எம்புட்டு மிச்சம்!" என்றார் சிவசைலம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் கடை வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் வேன். வேன் ஜன்னல்களில் பிள்ளைகளும் பாட்டிகளும் துண்டுகளும் தெரிந்தன. தில்லைநாயகம் கையசைத்தார். முன்னால் குதித்து இறங்கியவன் நம்பிராஜன். கக்கத்தில் ஒரு ஃபைல், கையில் நல்லெண்ணெய்ப் புட்டி.

சிவசைலம் எழுந்து நின்றார். "ஏலே, நான் எழுதலியேடே! ஒரு கார்டுகூடப் போடலியே! சத்தியமா இந்த வருஷம் நான் மனுவே போடல!"

"அதான் அண்ணாச்சி, ஏன் போடலேன்னு விசாரிக்க வந்திருக்கோம்."