ஆயுத பூஜையில் அணையாத லினக்ஸ்

"எல்லா மிஷினையும் நிறுத்தியாச்சு. இது ரெண்டு மட்டும் எதுக்கு உறுமிக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார் சோலையம்மாள், கையில் சந்தனக் கிண்ணத்தோடு.

லட்சுமிநாராயணன் அந்த இரண்டு கம்ப்யூட்டர்களையும் மறைத்துக்கொண்டு நின்றான். கப்பலூரில் அந்த பிளாஸ்டிக் வாளிக் கம்பெனியில் முதலாளியம்மா சோலையம்மாளின் சொல்லுக்கு அப்பீல் கிடையாது. ஆயுத பூஜையன்று வாளி வார்க்கும் இயந்திரம் முதல் திருப்புளி வரை ஓய்வெடுத்தாக வேண்டும். ஓடுகிற கருவிக்குப் பொட்டு வைப்பது, ஓடுகிற பஸ்ஸில் தாலி கட்டுவது மாதிரி என்பது அவர் கட்சி.

ஆனால் அந்த இரண்டு கம்ப்யூட்டர்களும் போட்டியில் இருந்தன. ஒன்றில் லட்சுமிநாராயணன் போட்ட லினக்ஸ். மற்றதில் அருண்பாண்டி போட்ட ஃப்ரீபிஎஸ்டி. இரண்டும் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்கள்; காசில்லாமல் கிடைக்கும் என்ற ஒரே தகுதியால் முதலாளியின் மனதில் இடம் பிடித்தவை.

"எது விழாம நிக்குதோ அதை வச்சுக்குவோம். ஒங்க ரெண்டு பேர்லயும் ஒருத்தரைத்தான் பெர்மனென்ட் பண்ண முடியும். ஆயுத பூஜைக்கு மறுநாள் பாத்துச் சொல்றேன்" என்று மூன்று மாதத்துக்கு முன் முதலாளி சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து லட்சுமிநாராயணன் 'ஸ்டெபிலிட்டி' என்ற சொல் இல்லாமல் டீ கூடச் சொல்வதில்லை. தினமும் காலையில் 'அப்டைம்' என்று தட்டி, மிஷின் நிற்காமல் ஓடிய நாள் கணக்கை உரக்க வாசிப்பான். கம்ப்யூட்டரையே பார்த்திராத பேக்கிங் பிரிவுக்கும் போய் ஒருமுறை வாசிப்பான். அவர்களும் கைதட்டுவார்கள்.

"அம்மா சொல்றாங்கள்லண்ணே, நிறுத்திருவோம்" என்றான் அருண்பாண்டி. சொன்னபடியே தன் மிஷினை முறையாக நிறுத்தி, அதன் யூபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

மூன்று மாதம் சரிக்குச் சமமாக ஓடிய எதிரி, ஒரு பொட்டுக்காகத் தலையைக் கொடுத்துவிட்டான்! லட்சுமிநாராயணன் மானிட்டரை மட்டும் அணைத்தான்.

"நிறுத்திட்டேன்மா."

"இன்னும் உறுமுதே?"

"சூடு தணியிற வரைக்கும் உள்ள ஃபேன் ஓடும்மா."

சோலையம்மாள் அரைமனதோடு சந்தனம் வைத்தார். கூடவே ஒரு பட்டுத்துணியைப் போர்த்தி மாலையும் போட்டார். காற்றுப் போக வழியில்லாமல் மிஷின் கொதிக்க ஆரம்பித்தது. லட்சுமிநாராயணன் பனைவிசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னப்பா பண்ற?"

"சாமிக்கு விசிறுறேன்மா."

அப்போதுதான் எலக்ட்ரீசியன் பேச்சிமுத்து, "மெயினுக்கும் பொட்டு வைக்கணும்ல, பூஜை முடிஞ்சு போட்டுக்கலாம்" என்று மொத்தக் கரண்டையும் நிறுத்தினான்.

கீய்ங்... கீய்ங்... என்று லட்சுமிநாராயணனின் யூபிஎஸ் கத்தியது. குருக்கள் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

சட்டென்று லட்சுமிநாராயணன் பூஜை மணியை எடுத்து அடித்தான். நிறுத்தினால் கீய்ங் கேட்டது. அதனால் நிறுத்தவில்லை. குருக்கள் இப்போதுதான் பிள்ளையாரிடம் வந்திருந்தார். யூபிஎஸ் பேட்டரியோ சரஸ்வதி வரை தாங்காது.

"தம்பி, ஒன் யூபிஎஸ் சும்மாதானே கெடக்கு?" என்று மணிச்சத்தத்தின் மறைவில் அருண்பாண்டியிடம் கேட்டான்.

"எடுத்துக்கங்கண்ணே. ஆனா அது இதைவிடக் கத்துமே."

ஒரு கையால் மணியடித்துக்கொண்டே தவழ்ந்து போய், தன் யூபிஎஸ் வயரை அருண்பாண்டியின் யூபிஎஸ்ஸுக்குப் பின்னால் செருகி, அதைப் போட்டான். தன்னுடையது அடங்கியது. அருண்பாண்டி சொன்னது பொய்யில்லை. புதியது ஆலைச்சங்கு மாதிரி அலறியது. மணி போதவில்லை. மறுகையால் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தான். விசிறக் கையில்லாததால் பட்டுத்துணிக்குள் தலையை விட்டு வாயால் ஊதினான். முகமெல்லாம் சந்தனம்.

சோலையம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏங்க, இந்தப் பிள்ளைக்கு இம்புட்டு பக்தியா!"

முதலாளி மணியடிப்பவனையும் கைகட்டி நிற்பவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பூசணிக்காய் உடைந்து கரண்ட் வந்தபோது லட்சுமிநாராயணனின் கைகள் கீழே இறங்க மறுத்தன.

மறுநாள் காலை முதலாளி வந்து இரண்டு திரைகளையும் குனிந்து பார்த்தார். லினக்ஸ் மூன்று மாதக் கணக்கைக் காட்டியது. ஃப்ரீபிஎஸ்டி அன்று காலைதான் எழுந்திருந்தது.

"லினக்ஸ்தான் நிக்குது. அதையே வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

லட்சுமிநாராயணன் பெருந்தன்மையோடு அருண்பாண்டியின் தோளைத் தட்டினான். "மனசை விட்றாத தம்பி. ஸ்டெபிலிட்டிங்கிறது எல்லாருக்கும் அமையாது. ஒத்தக்கடைப் பக்கம் காலேஜ் லேப்ல எதாவது வேலை இருக்கும். நான் சொல்லிவிடுறேன்."

"சரிங்கண்ணே."

சற்று நேரத்தில் டைப்பிஸ்ட் முத்துச்செல்வி முதலாளி அறையிலிருந்து வந்தாள். "சார், பெர்மனென்ட் ஆர்டர் அடிக்கணும். இனிஷியல் சொல்லுங்க."

"கே.ஆர். பதவின்னு இருக்கிற இடத்துல சிஸ்டம் மேனேஜர்னு போடும்மா."

"அது அருண்பாண்டி சாருக்கு. நீங்க போட்டது யாரும் தொடாமலே ஓடுதாம், அதுக்குச் சொன்னபடி கேக்குற ஆள் ஒருத்தர் போதும்னுட்டாரு முதலாளி. ஒங்களுக்கு, நம்ம கம்பெனி வாசல்ல புதுசாக் கட்டுற பிள்ளையார் கோயில்ல மணியடிக்க அம்மாவே தனியாப் போஸ்ட்டு வாங்கிட்டாங்க சார்!"