கதவில்லாத அறைக்கு அனுமதி மறுத்த விவரம்

அன்புள்ள மச்சான் சகாய ஆனந்துக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிப்பவனும், கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் அலுவலிலேயே தலை நரைத்தவனும், உன் அக்கா ரோசியின் கணவனுமாகிய மரிய ஜோசப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். வீடு நலம் என்று எழுத இயலவில்லை. சிதம்பரத்தில் நீயும், உன் மனைவி நித்யா மேரியும், பத்து நாள்களாக உங்களோடு தங்கியிருக்கும் என் மனைவியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே. நாம் கூடி வரைந்துவரும் இல்லாத வீட்டின் மேல்தளத்தில் ரோசி வரைந்த அறை குறித்து என் நிலைப்பாட்டை எழுத்துமூலம் பதிவுசெய்கிறேன். வேறு நோக்கம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

நீ அறிந்ததே ஆயினும், பின்னணியைச் சொல்லாமல் முடிவைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஈஸ்டர் விருந்தன்று எல்லோரும் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது, கட்டடக் கலைஞனாகிய நீ ஒரு பெரிய தாளை விரித்து, "யாரும் கட்டப்போறதில்ல, யாருக்கும் விக்கப்போறதில்ல, சும்மா சேந்து ஒரு வூடு வரைவோம்" என்றாய். ஆளுக்கு ஓர் அறையாக முறைவைத்து வரைய வேண்டும். ஒருவர் வரைந்ததை மற்றவர் அழிக்கக் கூடாது. தாள் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பேருந்தில் போய்வரும். விதிகள் இருந்த காரணத்தால்தான் நான் சம்மதித்தேன். இடம் பிச்சாவரம், சுரபுன்னைக் காட்டுக்கு நடுவே, தண்ணீர் ஏறினால் ஏறி, வடிந்தால் இறங்கும் வீடு. சர்வே எண் என்னவென்று நான் கேட்டது நியாயமான கேள்வி. "அலையப் போயி கேளுங்க மாமா" என்று நீ சொன்னது நியாயமான பதில் அல்ல.

அதன் பிறகு நடந்தவற்றையும் நினைத்துப் பார். நித்யா மேரி, மழைச் சத்தம் கேட்பதற்கென்றே ஓர் அறை வரைந்தாள். நீ, நிலா வந்து உட்கார்ந்துபோக ஓர் அறை வரைந்தாய். உன் சிநேகிதர், பிச்சாவரத்துப் படகோட்டி பக்கிரி, கொக்குகள் இரவு தங்க ஒரு கூடம் வரைந்தார். ஒருவராவது கழிவறை வரைந்தீர்களா? என் முறை வந்தபோது நான் அதைத்தான் வரைந்தேன், உரிய காற்றோட்டத்தோடு. அடுத்த முறை படிக்கட்டுக்குக் கைப்பிடி. அதற்கும் அடுத்த முறை வாகன நிறுத்துமிடம். அதைக் கண்ட பக்கிரி, "சார், தண்ணி மேல நிக்கிற வூட்டுக்கு யாரு சார் வண்டில வரப்போறா? கொடுவா மீனு ஸ்கூட்டர்ல வருமா?" என்று கேட்க, நீங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். ரோசி மட்டும் சிரிக்கவில்லை. தன் முறை அல்லாதபோதும் பென்சிலை எடுத்து, என் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு செம்பருத்திச் செடி வரைந்து கொடுத்தாள். அது விதிமீறல்தான். நான் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு அவளுடைய முறை வந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கூரையில் வானம் தெரியச் சிறு திறப்பு விட்டு, மேல்தளத்தில் நான்கு சுவர்கள் வரைந்தாள். கதவு வரையவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து, "கதவு எங்கே?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"கதவு இல்லாமல் உள்ளே எப்படிப் போவாய்?"

"வரைஞ்ச வூடுதான? நெனச்சா போயிடுவேன்."

"நினைத்தால் போவது எந்த விதியிலும் இல்லை, ரோசி."

"அதான் வேணும்ங்கறேன். இந்த வூட்ல எந்த ரூம்ல போயி உக்காந்தாலும் பின்னாடியே வந்து ஃபேன நிறுத்துறீங்க. கொக்கி போட்டிருக்கான்னு ஜன்னல ஆட்டிப் பாக்குறீங்க. நான் படிச்சிகினு இருந்தா, லைட்டு ஜாஸ்திங்கிறீங்க. வரைஞ்ச வூட்லயாவது நீங்க வர முடியாத ஒரு ரூம் இருக்கட்டுமே."

மச்சான், இந்த இடத்தில் நான் எதையாவது பேசியிருக்க வேண்டும். ஆனால் கை பழக்கப்படி சட்டைப் பைக்குப் போய்விட்டது. சிவப்புப் பேனாவை எடுத்து, அறையின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, "நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமும் போட்டுவிட்டேன். ரோசி அதை வெகுநேரம் பார்த்தாள். "சீலு வெக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலை தாளைச் சுருட்டிக்கொண்டு சிதம்பரம் பேருந்தில் ஏறிவிட்டாள். நான் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் நீதான் எடுத்து, "அக்கா மொட்ட மாடி வரையிறாங்க மாமா, அப்புறம் பேசுவாங்க" என்கிறாய். ஒரு மொட்டை மாடிக்கு இவ்வளவு காலம் ஆகாது என்பது என் தொழில்முறைக் கருத்து.

இதற்குப் பின் விளைந்தவற்றுக்கு நான் சொன்ன உண்மைகளே காரணம். ஞாயிறு பூசை முடிந்து பங்குத்தந்தை, "ரோசியம்மா வரலியா?" என்று கேட்டார், வரைபடத்தோடு சிதம்பரம் போயிருக்கிறாள் என்றேன், வீடு கட்டுகிறீர்களா, எங்கே என்றார், பிச்சாவரத்தில் என்று, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன், அதைப் பக்கத்தில் நின்ற எங்கள் எதிர்வீட்டுத் தங்கம்மாள் கேட்டுவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் ஒருவர் வாசலில் நிற்கிறார், மறுநாள் செங்கல்காரர் வருகிறார், நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவரிடம் வீடே இல்லை, வீடே இல்லை என்று விளக்கிக்கொண்டிருக்கையில் பால் பொங்கி அடுப்பு அணைந்துபோச்சு, அன்றைக்குக் காப்பியும் இல்லை. அலுவலகத்துக்குப் போனால், அடுத்த மேசை செந்தமிழ்செல்வன், "ஊருக்கெல்லாம் ரூல் பேசிட்டு, காட்டுக்குள்ள வூடு கட்டுறீங்களாமே சார்?" என்கிறார். என் நேர்மைக்கு இழுக்கு வரலாமா? அந்த வரைபடத்தை நான் நிராகரித்துவிட்டேன் என்றேன்.

"உங்க வூட்டு பிளான நீங்களேவா?"

"நானேதான்."

"அதுக்குத்தான் மேடம் கோச்சிகினு போயிட்டாங்களா?"

"ஆம்."

சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் முழுப்பொய். இப்போது பங்குப் பேரவை கூடி, வரும் ஞாயிறன்று, தன் வீட்டுக்கே அனுமதி மறுத்த நேர்மையாளர் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தத் தீர்மானித்திருக்கிறது. மனைவியோடு மேடையேற வேண்டுமாம். அந்த வீடே இல்லை என்று பங்குத்தந்தையிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கண்கலங்கி, "அதான் நீங்க ரிஜெக்ட் பண்ணிட்டீங்களே!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆகவே, மச்சான், என் முடிவைத் தெரிவிக்கிறேன். கதவில்லாத அறையை எந்தக் காலத்திலும் ஏற்க இயலாது. கற்பனை வீடு என்பதால் விதியைத் தளர்த்தினால், நாளை ஒருவர் கூரையில்லாத வீடும், மற்றொருவர் கீழ்த்தளமில்லாத மேல்தளமும் வரைவார்கள். ரோசி உடனே ஊர் திரும்பி, அறைக்கு முறைப்படி ஒரு கதவு வரைந்து, திருத்திய வரைபடத்தை என் பார்வைக்கு வைக்க வேண்டும். இதில் மாற்றம் இல்லை. நித்யா மேரிக்கு என் ஆசீர். பக்கிரியிடம் நிறுத்துமிடம் நிறுத்துமிடமாகவே நீடிக்கும் என்று தெரிவிக்கவும். ஆண்டவர் உங்கள் வீட்டின் நிலையையும் கூரையையும் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்,
மரிய ஜோசப்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், மூலப்படம் அங்கே இருப்பதால், நினைவிலிருந்து அந்த மேல்தளத்தை வேறொரு தாளில் வரைந்து பார்த்தேன். நான்கு சுவர், கூரையில் வானம் தெரியும் திறப்பு. கதவு இல்லை. அனுமதித்துவிட்டேன். இல்லாத வீட்டின் அறையை நிராகரிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பது தாமதமாகவே விளங்கியது. இதனால் பொன்னாடைக்கு நான் தகுதியற்றவன் ஆகிறேன், பங்குத்தந்தைக்கும் எழுதிவிட்டேன். சுவரில் ஒரு காப்பி டம்ளர் நுழையும் அளவுக்கு ஒரு சிறு திறப்பு மட்டும் சேர்த்திருக்கிறேன். மூடி உட்பக்கம் இருக்கிறது. அவள் திறந்தால்தான் திறக்கும். நீளம் அகலம் குறிக்கவில்லை. பென்சிலில்தான் வரைந்திருக்கிறேன், நம் விதிக்கு மாறாக, அவள் விரும்பினால் அழித்துக்கொள்ளலாம். இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கப்போவதில்லை. நாளைக் காலை முதல் பேருந்தில் நானே எடுத்துக்கொண்டு சிதம்பரம் வருகிறேன். பிளாஸ்கில் காப்பி இருக்கும். உன் வீட்டில் அவள் எந்த அறையில் இருந்தாலும் உள்ளே வர மாட்டேன், ஃபேன் ஓடட்டும். வெளியே நிற்பேன்.