தேனிக்குக் கருத்துச் சொல்லப் போனது

செவ்வாய்க்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. தேனிக்குப் போயி, ஒரு கூட்டத்துல ஒரே ஒரு கருத்தைச் சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வரணும்.

என்ன கருத்துன்னு முதல்லயே சொல்லிர்றேன். அங்கன சொல்லாம விட்டதை இங்கனயாவது ஒழுங்காச் சொல்லணும்ல.

எங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சு. கர்த்தர் கிருபையில கால் ஓரளவு வந்துருச்சு. பேச்சுதான் வரலை. காமயகவுண்டன்பட்டியில எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடை ஓடுனதே இவுக வாயாலதான். கால் கிலோ சீனி வாங்க வந்தவுக, இவுக பேச்சைக் கேட்டுக்கிட்டே அரைக் கிலோ வாங்கிட்டுப் போவாக. அப்பேர்ப்பட்ட மனுசன், உப்புக்குப் பேர் வராம உக்காந்திருந்தாக.

தேனியில நித்யான்னு ஒரு பொண்ணு பேச்சுப் பயிற்சி குடுக்குது. முதல்ல நேர்லதான் போனோம். டவுன் பஸ்ஸுல கம்பம், கம்பத்துல இருந்து தேனி. இவுகளுக்குப் பஸ் ஒத்துக்கிறலை. உத்தமபாளையம் தாண்டுறதுக்குள்ள வாந்தி. அந்த அலுப்போட போயி உக்காந்தா, நித்யா சிங்கம் படம் காட்டும், குடை படம் காட்டும். இவுக சிங்கத்தையும் பார்க்க மாட்டாக, குடையையும் பார்க்க மாட்டாக. சுவத்துல இருக்குற கடிகாரத்தைப் பார்ப்பாக. ஒரு மாசம் போனோம். ஒரு வார்த்தை வரலை. விட்டுட்டோம்.

நித்யாதான் விடலை. "அம்மா, போன்ல பண்ணிப் பார்ப்போம். அப்பாவைக் கடையிலயே உக்கார வைங்க"ன்னு சொல்லுச்சு.

கடலைமிட்டாய் பாட்டில்ல போனைச் சாய்ச்சு வச்சேன். கடைச் சாமானை ஒண்ணொண்ணா இவுக கையில குடுக்கச் சொல்லுச்சு. புளியைக் குடுத்தேன். ரொம்ப நேரம் அமுக்கிக்கிட்டே இருந்தாக. அப்புறம் "புளி"ன்னாக.

நான் அங்கனயே முழங்கால் போட்டுட்டேன். சாமான் வாங்க வந்த அக்கா ஒண்ணும் புரியாம, பையைக் கீழ வச்சுட்டு அதுவும் கும்பிட்டுச்சு.

இப்போ விசயத்துக்கு வர்றேன். பேச்சுப் பயிற்சி குடுக்குறவுகளுக்கு அரசாங்கத்துல விதிமுறையைப் புதுசா எழுதுறாக. எழுதி முடிக்கிறதுக்கு முன்னாடி, தேனியில கூட்டம் போட்டுப் பொதுமக்கள்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்குறாக. நல்ல காரியம்தான். அதுல ஒரு விதி, பயிற்சியை நேர்ல மட்டும்தான் குடுக்கணும், போன்ல குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்த விதி வந்துட்டா நாங்க மறுபடியும் பஸ்ஸுக்கும் சிங்கத்துக்கும் போகணும்.

"நீயே எந்திரிச்சுச் சொல்லேம்மா"ன்னு நித்யாகிட்ட கேட்டேன்.

"நான் சொன்னா, என் வசதிக்குப் பேசுறேன்னு நினைப்பாகம்மா. வீட்டு ஆளுக சொன்னாத்தான் எடுபடும்."

கோயம்புத்தூர்ல இருக்குற மக எஸ்தர் முந்துன நாளே போன்ல எனக்குப் பாடம் எடுத்தா.

"அம்மா, ஆளுக்கு மூணு நிமிசம்தான் தருவாக. பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு, போன் பயிற்சி வேணும்னு சொல்லு. உக்காந்துரு. கதை சொல்லிராத."

"நான் எங்கடி கதை சொல்றேன்?"

"இதோ, எங்கடி கதை சொல்றேன்னு கேட்டு இப்பவே ஆரம்பிக்கிற."

காலையில கிளம்பும்போது, நான் சொல்றது உண்மைதான்னு கூட்டத்துல இருக்குறவுக கண்ணால பார்க்கட்டும்னு இவுகளையும் கூட்டிக்கிட்டேன். பஸ்ஸுல வழக்கம் போல ஆச்சு. அதைச் சொல்ல வேண்டாம்.

கூட்டம் நல்லா நடந்துச்சு. தலைமை தாங்குன மேடம் பொறுமையானவுக. பக்கத்துல ஒரு எழுத்தர் தம்பி லேப்டாப்புல எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டு இருந்துச்சு. மேசையில ஒரு மணி. மூணு நிமிசம் ஆனா அந்தத் தம்பி அதைத் தட்டும். தட்டுனதும் பேசுறவுக முடிச்சுக்கிறணும்.

எனக்கு முன்னாடி ரிட்டையர்டு தலைமையாசிரியர் ஒருத்தர் பேச வந்தாரு. அவரை நாளைக்கு வரைக்கும் நிக்கச் சொல்லியிருந்தாக் கூட நின்னு பேசியிருப்பாரு. பிள்ளைகளுக்கு உச்சரிப்பு சரியில்லைன்னு ஆரம்பிச்சு, பேரன் பேசுற தமிழ்ல வந்து நின்னாரு. மணி அடிச்சுச்சு. "மீதியைச் சாயங்கால அமர்வுல சொல்றேன்"னு உக்காந்தாரு.

என் பேரைக் கூப்பிட்டாக. மைக்கைக் கையில குடுத்தாக.

தப்பு எங்க நடந்துச்சுன்னு கேட்டா, இங்கனதான் நடந்துச்சு.

எனக்கு மைக்கு பிடிச்சுப் பழக்கம் ஒரே ஒரு இடத்துலதான். ஞாயித்துக்கிழமை சபையில சாட்சி சொல்லும்போது. கர்த்தர் நமக்குச் செஞ்ச நன்மையை எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் சொல்றதுதான் சாட்சி. அதனால மைக்கு கைக்கு வந்ததும் வாய் தானா "ஸ்தோத்திரம்"னுச்சு.

அத்தோட நிறுத்தியிருப்பேன். பின்வரிசையில இருந்து ரெண்டு பேர் "ஸ்தோத்திரம்"னு திருப்பிச் சொல்லிட்டாக.

அப்புறம் நான் ஒழுங்கா, வரிசையா, சாட்சிதான் சொன்னேன். இவுகளுக்குப் பக்கவாதம் வந்த அன்னைக்குக் காலையில மழைத்தூறல். இவுக கடை திறந்தாக. தேங்காய் வியாபாரி வந்தாரு. அவருக்கு என்ன சட்டைன்னு கூடச் சொன்னேன்.

"அம்மா, விதிமுறை பத்திக் கருத்து"ன்னு மேடம் மெதுவா எடுத்துக் குடுத்தாக.

"வர்றேன் மேடம். இவுக விழுந்ததைச் சொல்லாம எந்திரிச்சதை எப்படிச் சொல்றது?"

அவுகளும் தலையாட்டுனாக. சரின்னு விழுந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன். சிங்கத்துக்கு வந்தேன். புளிக்குப் போறதுக்குள்ள மணி அடிச்சுருச்சு.

எங்க சபையிலயும் மேசை மணி உண்டு. சாட்சி நீண்டு போச்சுன்னா போதகர் ஐயா தட்டுவாரு. ஜெபிச்சு முடிங்கன்னு அர்த்தம்.

கண்ணை மூடுனேன்.

விதிமுறை எழுதுறவுக கைகளுக்காக ஜெபிச்சேன். பேச வராத பிள்ளைகளுக்காகவும், அதுகளோட அம்மாமாருக்காகவும் ஜெபிச்சேன். நித்யாவுக்கு நல்ல இடத்துல கல்யாணம் அமையணும்னு ஜெபிச்சேன். அது எனக்கு ரெண்டு வரிசை பின்னாடிதான் உக்காந்திருந்துச்சு. தலைமையாசிரியரோட பேரனையும் விடலை. நாற்காலிகள் நகர்ற சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாகன்னு தெரிஞ்சதும் இன்னும் கொஞ்சம் உருக்கமா ஜெபிச்சேன். கடைசியில ஆமென் சொன்னேன். மொத்த ஹாலும் ஆமென்னு சொல்லுச்சு. உத்தமபாளையத்துல இருந்து பிள்ளையோட வந்திருந்த பாய் வீட்டு அம்மா ஆமீன்னு சொல்லி முகத்தைத் தடவிக்கிட்டாக.

கண்ணைத் திறந்து பார்த்தா, எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்காக.

ஜெபம் முடிஞ்சா கூட்டம் முடிஞ்சதுன்னு எந்த மதத்துக்காரவுகளுக்கும் தெரியுது. வெளிய சாப்பாடு வச்சிருந்தவரும், எல்லாரும் எந்திரிச்சதைப் பார்த்துட்டு மூடியைத் திறந்துட்டாரு. லெமன் சாதம் வாசனை உள்ள வந்துருச்சு. அதுக்கப்புறம் யாரை உக்கார வைக்க முடியும்?

ஹால்ல மிச்சம் இருந்தது நானும் இவுகளும் மைக்கும். அப்புறம் எழுத்தர் தம்பி.

"தம்பி, நான் கருத்தே சொல்லலையே."

"சொன்னீங்களேம்மா. எழுதிட்டேன்."

"என்னன்னு?"

லேப்டாப்பைத் திருப்பி வாசிச்சுக் காட்டுச்சு. "பயனாளி குடும்பத்தினர் ஒருவர் வரைவு விதிமுறைகளை மனதார வாழ்த்தினார். எதிர்ப்பு இல்லை. அவையோர் ஒருமனதாக ஆமோதித்தனர்."

"எதிர்ப்பு இருக்கு தம்பி. அதைச் சொல்லத்தான் வந்ததே."

"எல்லாரும் ஆமென்னு சொல்லிட்டாங்களேம்மா. அதை நான் என்னன்னு எழுதுறது?"

ஒரு விதியை நிறுத்த வந்தவ, ஊரைக் கூட்டி அதுக்கு ஆசீர்வாதம் வாங்கிக் குடுத்திருக்கேன்.

இவுகளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய ஓடுனேன். மேடம் சாப்பாட்டு வரிசையில தட்டோட நின்னாக. அவுக பின்னாடி நித்யா. அதுக்குப் பின்னாடி தலைமையாசிரியர்.

"சாயங்கால அமர்வு உண்டுல்ல மேடம்?"ன்னு அவர் கேட்டுக்கிட்டு இருந்தாரு.

"ஜெபம் பண்ணி முடிச்ச கூட்டத்தை மறுபடி எப்படி சார் ஆரம்பிக்கிறது? நல்லா இருக்காது. நீங்களும் ஆமென் சொன்னீகள்ல."

நான் குறுக்க போனேன். "மேடம், நான் சொல்ல வந்தது வேற."

"சொல்லுங்கம்மா, சுருக்கமா."

"அன்னைக்குக் காலையில மழைத்தூறல் மேடம்"னு ஆரம்பிச்சேன்.

நித்யா கண்ணை மூடிக்கிச்சு. மேடம் அகப்பையைப் பார்த்தாக.

அப்பத்தான் இவுக என் கையை விலக்கிட்டு ஒரு எட்டு முன்னால வந்தாக. வாயைக் குவிச்சாக. ஒண்ணும் வரலை. நான் எடுத்துக் குடுக்கப் போனேன். நித்யா பின்னாடி இருந்து, வேணாம்னு கையைக் காட்டுச்சு. இவுக மறுபடி வாயைக் குவிச்சாக. வரிசை அப்படியே நின்னுச்சு. சாதம் போடுறவரும் அகப்பையோட நின்னாரு. மேடம் தட்டை மேசையில வச்சுட்டு, இவுக முகத்தையே பார்த்தாக.

"பஸ்ல"ன்னாக இவுக.

நாங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம்.

"பஸ்ல, வாந்தி."

மறுபடி மூச்சை இழுத்தாக. மேல் சட்டைப் பையில இருந்து போனை எடுத்து மேடத்துக்கிட்ட காட்டுனாக.

"போன்ல, பேச்சு."

அவ்வளவுதான். சொல்லிட்டு எழுத்தர் தம்பியைத் திரும்பிப் பார்த்தாக, இன்னும் எழுதலையான்னு கேக்குற மாதிரி. கடையில கணக்கு எழுத வச்சிருந்த பையன்களைப் பார்க்குற அதே பார்வை.

"இதை அப்படியே எழுதுங்க"ன்னாக மேடம். "எதிர்ப்பு இல்லைங்கிறதை எடுத்துருங்க."

"வாந்தியையும் எழுதவா மேடம்?"

"அதுதான் முக்கியமே."

நித்யா தட்டைப் பார்த்துக்கிட்டே கண்ணைத் துடைச்சுச்சு. லெமன் சாதத்துக்கு யாரும் அழ மாட்டாக. தலைமையாசிரியர் இவுகளுக்குத் தன் இடத்தை விட்டுக் குடுத்து, வரிசையில பின்னாடி போயி நின்னாரு. அன்னைக்கு அவர் சொல்லாம விட்டது நிறைய. அதுலயும், ஒண்ணும் சொல்லாம இடம் விட்டாரே, அதுதான் மனசுல நின்னுச்சு.

விதி இன்னும் முடிவாகலை. எழுதுன கருத்தையெல்லாம் மேல அனுப்புவாகளாம். அதுவரைக்கும் போன் பயிற்சி நடக்குது.

ராத்திரிக்கு முன்னாடியே எஸ்தர் கூப்பிட்டுட்டா. "என்னம்மா, மூணு நிமிசத்துல கருத்தைச் சொன்னியா?"

"கருத்தை அப்பா சொன்னாக."

"அப்போ நீ?"

"நான் கூட்டத்தை முடிச்சு வச்சேன்."

உங்க ஊர்லயும் இப்படிக் கருத்துக் கேக்க வருவாக. போறவுக, நல்லா பேச வர்ற ஆளை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க.